அப்பாவின் வாரையில் பௌலுஸ்

என் சின்னக்கண்ணு ரூபனுக்கு,

அம்மா எழுதுகிறேன் சாமி. சூசையப்பர் புண்ணியத்தில் இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கை கால் ஓடுகிறது, சோறு இறங்குகிறது. அங்கே நீயும் மதுமதியும் அவள் வயிற்றில் இருக்கும் என் செல்லமும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலையில் எழுந்ததும் மாதாவிடம்தான் முதல் பேச்சு. நேற்றுத்தானே போனில் பேசினோம், இதற்குள் எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நீ டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் சரிம்மா சரிம்மா என்கிறாய், சொல்ல வந்தது பாதி வாயிலேயே நின்றுவிடுகிறது. இது பாதியில் நிற்கக் கூடாத விஷயம். அதனால் ஐந்தாவது படித்த கையால் மூன்று நாள் ஆனாலும் சரி என்று எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். பெரியநாயகி பெரியம்மா மகள் இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன் என்கிறாள். வேண்டாம் கண்ணு, அம்மா எழுதின காகிதம் அவன் கைக்குப் போகணும் என்று சொல்லிவிட்டேன். புள்ளி விட்டுப்போன இடத்தில் நீயே வைத்துப் படித்துக்கொள்.

இங்கே வெயில் தாங்க முடியவில்லை. மத்தியானம் ஆட்டையாம்பட்டி ரோட்டில் நாய்கூட நடமாடுவதில்லை. நான் காலையில் முறுக்குச் சுற்றப் போய்விட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். எதற்குப் போகிறீர்கள் என்று நீ கோபிக்காதே. சும்மா உட்கார்ந்திருந்தால் உன் அப்பா நினைப்பு ஆளைத் தின்றுவிடும், அங்கே நாலு பெண்களோடு வாயடித்துக்கொண்டு சுற்றினால் நேரம் போகிறது. மதுமதிக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டதே, கால் வீங்குகிறதா என்று பார், வீங்கினால் தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டதும் குமட்டுகிறது என்றாளே, அதற்காக நிறுத்திவிடக் கூடாது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் படுத்துவிட்டால் தெரியாது. நாமக்கல்லில் அவள் அம்மா போன வாரம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஒரு பை நிறைய எள்ளுருண்டை கொண்டுவந்தார்கள், உங்க ஊட்டுக்காரர் இருந்திருந்தா பேரப்பிள்ளை வாரதைக் கேட்டுத் துள்ளியிருப்பாருங்க என்று சொல்லி அவர்களும் அழுது என்னையும் அழவைத்தார்கள். நல்ல மனுஷி. அவர்கள் சாமி வேறு நம் சாமி வேறு என்று அந்தம்மா ஒரு நாளும் மூஞ்சி காட்டினதில்லை.

உன் அப்பா போன ஐப்பசியில் போனார், இன்னும் அவர் சட்டை கொடியில்தான் கிடக்கிறது. எடுத்து மடிக்கலாம் என்று கை போகும், திரும்பிவிடும். அடக்கம் முடிந்து நீ வெளிநாடு திரும்பிய பிறகு ஒரு வாரம் கோயில் மணி அடிக்க ஆளில்லை. உபதேசியார் என்று அவருக்குப் பேர், ஆனால் மணி அடிப்பது, கூட்டுவது, பூட்டுவது, சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமை செபம் சொல்வது, எல்லாம் அவர் ஒருத்தர்தானே. விடியற்காலையில் முழித்துக்கொண்டு படுத்திருப்பேன், மணி கேட்காது. ஊரே செத்துப்போன மாதிரி இருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே போய்க் கயிற்றைப் பிடித்தேன். அவர் பிடித்துப் பிடித்துக் கயிற்றில் ஒரு இடம் வழவழவென்று ஆகியிருந்தது, கையை அங்கே வைத்ததும் மனசு கேட்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து அடித்தேன். அன்றைக்கிலிருந்து சாவி என்னிடம்தான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ பொங்கல் அன்றைக்குப் பேசும்போது ஒன்று சொன்னாய், உனக்கு மறந்திருக்கும். உன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த பழைய கல்கோயிலை விற்றுவிட்டார்கள், இப்போது அது சாப்பாட்டுக் கடை, பீடம் இருந்த இடத்தில் பாட்டில் அடுக்கியிருக்கிறார்கள் என்றாய். இன்னுங் கொஞ்ச வருசத்துல நம்மூர்லயும் இதே கதைதாம்மா, நீங்க எதுக்கு அந்தச் சாவியப் புடிச்சுத் தொங்கறீங்க என்று சிரித்தாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஏனென்றால் நீ சொன்னது பொய் இல்லை. நம் கோயிலுக்கு இப்போது பதினோரு வீடு. பிள்ளைகள் எல்லாம் பெங்களூர், ஓசூர், உன்னை மாதிரி கடல் தாண்டி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனால் நரைத்த தலைகள்தான் தெரியும்.

தவக்காலத்தின் நடுவில் புது சாமியார் வளவன் ஃபாதர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நீ அவரைப் பார்த்ததில்லை, சின்ன வயசு, நாலு ஊர்க் கோயிலுக்கும் ஒரே ஆளாகப் பைக்கில் அலைகிறார், முதுகுவலி வந்துவிட்டது. அவர் கோபமாகப் பேசவில்லை. நான் யாரையும் குத்தம் சொல்லலீங்க, ஞாயித்துக்கெழமை பூசைக்கு எட்டுப் பேரு வாரீங்க, அதுல ரெண்டு பேரு தூங்கறீங்க என்றார், எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. மே மாதம் சூசையப்பர் திருநாளுக்குச் சப்பரத்தைத் தோளில் தூக்க ஆள் இருந்தால் இங்கேயே கொண்டாடுவோம், ஆள் இல்லை டெம்போதான் என்றால் அந்த டெம்போவை நேராகப் பெரிய கோயிலுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், சூசையப்பர் அங்கேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் நீங்கள் அங்கேயே வந்துவிடலாம் என்றார். அதாவது நம் கோயிலை மூடிவிடலாம் என்றுதான் அர்த்தம். உன் ஜீவானந்தம் சித்தப்பா உடனே, என்னோட முட்டை டெம்போவக் கழுவி லைட்டுப் போட்டுத் தாரேனுங்க என்றார். டெம்போப் பேச்சு போன வருஷமே வந்தது. அப்போது உன் அப்பா, சூசையப்பர் என்ன முட்டை லோடாடா, ஒடையாமக் கொண்டுபோய் எறக்கறதுக்கு என்று கேட்டு அவர் வாயை அடைத்தார். இந்த வருஷம் வாயை அடைக்க அவர் இல்லை.

சப்பரம் தூக்க எட்டுத் தோள் வேண்டும், உனக்குத் தெரியும். முன்னால் நாலு, பின்னால் நாலு, தோளில் தாங்குகிற வாரைமரத்தில் எந்த வீட்டுக்கு எந்த இடம் என்று தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. நம் வீட்டுக்கு முன்வலது. நீ கல்லூரி சேர்ந்த வருஷத்திலிருந்து அந்த இடத்தில் தோள் கொடுத்தாய், நீ வெளிநாடு போன பிறகு உன் அப்பா சப்பரத்துக்கு முன்னால் அடித்துப் போகிற கைமணியை ஜீவானந்தம் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு அந்த வயசிலும் அவரே வாரைக்குப் போனார். பையன் வார வரைக்கும் எடம் காலியா இருக்கக் கூடாது என்பார். மறுநாள் தோள் கன்றிப்போய்க் கிடக்கும், நான் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பேன். இப்போது கணக்குப் பார்த்தால் தூக்குகிற நிலையில் மூன்று பேர்தான், அதில் ஒருத்தருக்கு முட்டியில் தேய்மானம்.

ஃபாதர் பேசினதற்கு அடுத்த ஞாயிறு மத்தியானம், குருத்தோலை ஞாயிறுக்குக் கோயிலைக் கழுவிவிடலாம் என்று துடைப்பமும் வாளியுமாகப் போனேன். நல்ல வெயில். கோயில் கேட்டுக்கு வெளியே குழாயடியில் ஏழெட்டுப் பேர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்களும் பெண்களும் எல்லாம் வடக்கத்திப் பிள்ளைகள், வெண்ணந்தூர் ரோட்டுக் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் குழாய்க்கு வருவது தெருவுக்கே தெரியும். ஜீவானந்தம் சித்தப்பா, போன் சார்ஜ் போடவும் ஓசித் தண்ணிக்கும் வாரானுங்க என்று சொல்லுவார், இரண்டு தரம் விரட்டியும் இருக்கிறார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஓரமாக நின்றேன். அவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு, கொண்டுவந்த பையிலிருந்து வேறு சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, பூட்டின கேட்டுக்கு முன்னால் அந்தச் சுடுமண்ணில் வரிசையாக முழங்கால் போட்டார்கள். ஒரு பெண் நெற்றியில் கை வைத்துச் சிலுவை போட்டாள். கையில் செபமாலை.

என் கையிலிருந்த வாளி நழுவிவிட்டது சாமி. ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். அந்தப் பெண் பேர் அனிமா, அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வருகிறது. ஜார்க்கண்டில் சிம்டேகா என்று ஒரு ஊராம், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்களாம். பண்ணையில் காலையில் முட்டை பொறுக்க வேண்டும், தீனி போட வேண்டும், கோழிக்கு ஞாயிறு திங்கள் தெரியுமா, அதனால் காலைப் பூசைக்கு வர முடியாதாம். மத்தியானம் விடுகிறபோது வந்தால் கோயில் பூட்டியிருக்கும். ஒன்றரை வருஷமாகப் பூட்டின கதவைப் பார்த்துச் செபம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாமெல்லாம் அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஃபேனைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். குழாயில் எதற்குக் குளிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, கோழி வாசம் அம்மா, கோயில்ல வேணாம் என்றாள். உள்ளே வாங்க சாமி உள்ளே வாங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு அவர்களோடு உட்கார்ந்து செபமாலை சொன்னேன். அவர்கள் அவர்கள் பாஷையில், நான் தமிழில். ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் விரலில் செபமாலை மணி நகரும்போது ஒன்றாக நகர்ந்தது, நான் ஆமென் சொல்லும் இடத்தில் அவர்களும் ஆமென் சொன்னார்கள். முடிந்ததும் ஒரு பாட்டுப் பாடினார்கள். அவர்களில் பௌலுஸ் என்று ஒரு பையன், இருபத்தைந்து வயசு இருக்கும், குட்டையாக, தோள் இரண்டும் பாறை மாதிரி, அவன் முதலில் எடுக்க மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். நம் கோயில் கூரையில் அத்தனை சத்தம் பட்டு நான் கேட்டே வெகுநாள் ஆகிவிட்டது. உன் அப்பா செத்த பிறகு அன்றைக்குத்தான் நான் கோயிலில் அழாமல் இருந்தேன். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மத்தியானம் அவர்கள் நம் வீட்டுக்கு வந்து சாவி வாங்கிக்கொண்டு போவார்கள், திருப்பிக் கொடுக்கும்போது நான் கொஞ்சம் சோறும் குழம்பும் போடுவேன். பௌலுஸ் கொல்லையில் தேங்காய் பறித்துப் போடுவான், அப்பா சரிசெய்யாமல் விட்டுப்போன கேட்டுக் கொக்கியைக் கேட்காமலே சரிசெய்தான்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து திருநாள் பேச்சுக்குக் கூட்டம் போட்டபோது நான் எழுந்து நின்றேன். நான் கூட்டத்தில் எழுந்து பேசினதே இல்லை, உன் அப்பாதான் பேசுவார். முன்வலது எங்க ஊட்டு எடம், அதை பௌலுசுக்குக் கொடுக்கிறேன், மத்த காலி எடத்துக்கும் அந்தப் பிள்ளைங்க வாராங்க, டெம்போ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜீவானந்தம் சித்தப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. "அண்ணி, வாரைங்கறது ஊட்டுச் சொத்துங்க. பாக்கியநாதன் அண்ணன் தோளு வெச்ச எடத்துல ஊரும் பேரும் தெரியாதவன் வந்து வெக்கறதா? நாளைக்கு ரூபன் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை சாமி, உன் அப்பா மேல் இருந்த பாசம் அப்படிப் பேசவைத்தது. ரூபன் வந்தா நான் சொல்லிக்கறேன் என்றேன். அதற்குள் பெரியநாயகி பெரியம்மா, ஏப்பா ஜீவா, சூசையப்பரு பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டு எகிப்துக்கு ஓடுனாரே, அங்க இருந்தவங்க ஊரும் பேரும் கேட்டுட்டா ஒதுங்க எடம் குடுத்தாங்க என்று ஒரு போடு போட்டார்கள். அதற்கு இவர், அவரு தச்சருங்கக்கா, இவுங்க கோழிக்காரங்க என்கிறார். ஃபாதரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். கடைசியில் வெறும் சப்பரத்தைத் தூக்கி ஒரு சுற்று வரட்டும், ஆடாமல் வந்தால் சரி என்று முடிவாயிற்று. வந்தார்கள். நம் ஆட்கள் அடி எண்ணி நடப்பார்கள், இவர்கள் பாட்டுத் தாளத்துக்கு நடந்தார்கள், ஆனால் ஆடவில்லை.

உன்னைக் கேட்காமல் உன் இடத்தைக் கொடுத்துவிட்டேன். இதைத்தான் போனில் சொல்ல வாய் வரவில்லை. உன்னை இல்லை என்று ஆக்குவதற்காகக் கொடுக்கவில்லை. நீ வந்தால் அவன் நகர்ந்து நிற்பான், இல்லை இரண்டு பேரும் சேர்ந்து தூக்குங்கள்.

இப்போது திருநாள் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நம் தெருவில் ஒரு பழக்கம் இருக்கிறதே, வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டுக்கு முன்னால் சப்பரம் நிற்காது. மற்ற வீட்டு வாசலில் எல்லாம் நின்று மாலை வாங்கும், மெழுகுத்திரி வாங்கும், இழவு வீட்டைக் கண்டால் மணியை வேகமாக அடித்துக் கடந்துபோகும், வீட்டுக்காரர்களும் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தி உள்ளே இருக்க வேண்டும். இது வேதத்தில் எங்கேயும் இல்லை என்று வந்த சாமியார்கள் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். சுற்றி இருக்கிற சனத்தைப் பார்த்து நாமும் பிடித்துக்கொண்டது, விடவில்லை. உன் அப்பாவே அதில் கறார். நீ பிளஸ் டூ படித்த வருஷம் பெரியநாயகி பெரியம்மா வீட்டுக்காரர் இறந்தார், அந்தத் திருநாளுக்கு உன் அப்பா மணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டைத் தாண்டி எப்படிப் போனார் என்று பார்த்தாயே, நீயும் கூட்டத்தில் மெழுகுத்திரி பிடித்துக்கொண்டு போனாய். கதவுக்குப் பின்னால் பெரியம்மா அழுத அழுகை எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்து, கொஞ்சம் நின்றிருக்கலாமே என்றேன். வழக்கம்னா வழக்கந்தான், அழுகறவங்களைப் பார்த்து மாத்தக் கூடாது என்றார்.

அதனால் இந்த வருஷம் நான் வழக்கப்படியே பூசை முடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, உள்ளே தரையில் உட்கார்ந்தேன். பொழுது சாய்கிற நேரம். தூரத்தில் பாட்டு வருகிறது, நம் பாட்டு ஒன்று, அவர்கள் பாட்டு ஒன்று, மாறி மாறி. சந்தோஷமாகத்தான் இருந்தது, தோளில்தான் வருகிறார், கோயில் பிழைத்தது. ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. வருஷம் முழுக்க இவருக்குத்தான் கூட்டினேன், துடைத்தேன், மணி அடித்தேன், இவர் நம்மைப் பார்க்காமல் போகப்போகிறாரே என்று குழந்தை மாதிரி அழுகை வந்தது. மணிச் சத்தம் வாசலுக்கு வந்தது, வேகமாக அடித்தது, கடந்து போயிற்று. சரி, போய்விட்டார் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். ஆனால் பாட்டு போகவில்லை. வாசலிலேயே நின்று கேட்கிறது. மரக்கால் முட்டுக்கொடுத்துச் சப்பரத்தை இறக்குகிற சத்தம் கேட்கிறது. பிறகு கதவை யாரோ தட்டினார்கள்.

"அம்மா, கதவு தெற. சாமி வந்தாச்சு."

பௌலுஸ் குரல். அவனுக்கு நம் வழக்கம் எதுவும் தெரியாதே, யாரும் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் சாவி வாங்குகிற வீடு, சோறு போட்ட வீடு, வாசலில் ஆளைக் காணோம், அதனால் இறக்கி வைத்துக் கூப்பிட்டிருக்கிறான். அவர்கள் பக்கத்தில் இழவு வீட்டு வாசலில்தான் முதலில் நிற்பார்களாம், அதை அனிமா பிறகு சொன்னாள். முன்னால் போன ஜீவானந்தம் சித்தப்பா மணியோடு திரும்பி ஓடி வந்தார், ஏப்பா அது எழவூடு, நிக்கக் கூடாது, தூக்கு தூக்கு என்று அவர் போட்ட சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. பௌலுஸ் அதற்கும், அம்மா உள்ளே இருக்காங்க என்றுதான் பதில் சொல்கிறான். ஃபாதர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, பிறகு சொன்னார்கள், அவர் நின்ற இடத்தில் முழங்கால் போட்டுவிட்டாராம்.

எழுந்து கதவைத் திறந்தேன். தெரு முழுக்க வெளிச்சம். சூசையப்பர் என் வாசலில், என் கோலம் போடாத வாசலில் நிற்கிறார். எனக்குக் கையில் மாலை இல்லை, மெழுகுத்திரி இல்லை, தலைகூட வாரவில்லை. வெறுங்கையோடு போய் முன்வலது வாரைமரத்தைத் தொட்டேன், அதில் பௌலுஸ் தோளின் வேர்வை ஈரம் இருந்தது. அதில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். யாரோ என் கையில் எரிகிற மெழுகுத்திரியைக் கொடுத்தார்கள், பார்த்தால் பெரியநாயகி பெரியம்மா. அவர்கள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. நீயாச்சும் தொட்டுக் கும்பிடு தெரசா என்று மட்டும் சொன்னார்கள். ஜீவானந்தம் சித்தப்பா மணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். "சரி, நின்னது நின்னாச்சு. பாட்டை நிறுத்தாதீங்கப்பா, ஊமையாட்ட நிக்கறீங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு ஃபாதர் பூசையில் அறிவித்தார். இனிமேல் நம் கோயிலில் ஞாயிறு பூசை காலையில் இல்லை, சாயங்காலம் நாலு மணிக்கு. முதல் வாசகம் தமிழில், இரண்டாவது அனிமா இந்தியில் வாசிப்பாள். அவர்களைக் கேள்விப்பட்டுப் பக்கத்து நூல்மில்லிலிருந்தும் வடக்கத்திப் பிள்ளைகள் வர ஆரம்பித்திருக்கிறார்கள், ஒரு கைக்குழந்தை வேறு, பூசை முழுக்கக் கத்துகிறது. பெரிய கோயிலுக்கு சூசையப்பரைக் கொண்டுபோகிற பேச்சே இப்போது இல்லை. ஜீவானந்தம் சித்தப்பா பண்ணைக்கே டெம்போவை ஓட்டிப்போய் அவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறார். நான் சும்மா இருப்பேனா, முட்டை லோடுங்களா என்று கேட்டேன். ஆமாங்கண்ணி, ஒடையாமக் கொண்டாந்துட்டேன் என்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கோழி வாசம் என்று மூக்கைச் சுளித்து முன் வரிசைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் வேலை மாறினால் போய்விடுவார்கள். போனால் வேறு யாராவது வருவார்கள், கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் உனக்குச் சொல்கிறேன் ரூபா. நீ பார்த்த கோயில் விற்றுப்போனது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நான் படிக்காதவள், உலகத்துக் கோயில்கள் என்ன ஆகும் என்று எனக்கு என்ன தெரியும். ஆனால் நம் கோயில் காலியாகிவிட்டது என்று நாங்கள் பதினோரு வீட்டுக்காரர்களும் அழுதுகொண்டிருந்த அதே நாளில் கேட்டுக்கு வெளியே ஆட்கள் முழங்கால் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஆண்டவர் அவர்களை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் எங்களை அழ விட்டிருக்கிறார். உன் ஊரிலும் அப்படி யாராவது இருப்பார்கள். உன்னோடு அந்த முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற கேரளத்து நர்ஸ் பிள்ளைகள் எங்கே பூசைக்குப் போகிறார்கள் என்று ஒரு தரம் கேளேன். கட்டாயம் போ என்று நான் சொல்லமாட்டேன், நீ தோளுக்கு மேல் வளர்ந்தவன். எந்த நேரத்துக்கு எந்தக் கதவு திறக்கிறார்கள் என்று கேட்டு மட்டும் வை. பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் எப்போது என்றும் கேட்கமாட்டேன், அது நீயும் மதுமதியும் பேசி முடிவுசெய்ய வேண்டியது. ஆனால் பிள்ளைக்கு நெற்றியில் சிலுவை போட அம்மாவுக்குப் போன் வழியாக ஆகாது, அதற்கு நீங்கள்தான் வர வேண்டும்.

சேசுவும் மாதாவும் சூசையப்பரும் உங்கள் மூன்று பேரையும் ஒரு கூட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். நீ கால் வைக்கிற இடமெல்லாம் பனி வழுக்காமல் இருக்கட்டும், மதுமதிக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், வேலையில் உனக்கு நல்ல பேர் கிடைக்கட்டும். ஐப்பசியில் அப்பா வருஷப் பூசை, லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, கடைசியில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. ராத்திரி டூட்டி முடிந்து வந்ததும் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே.

உன் அம்மா,
பா. தெரசம்மாள்

கையெழுத்துப் போட்டு மடித்த பிறகு மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். திருநாளிலிருந்து இந்த ஒன்று என்னை விடவே இல்லை, யாரிடமும் கேட்கவும் முடியவில்லை, நீ அவர் பிள்ளை, அதனால் உன்னிடம் கேட்கிறேன். அன்றைக்கு மணி உன் அப்பா கையில் இருந்திருந்தால், என் வாசலில் சூசையப்பரை நிற்க விட்டிருப்பாரா சாமி?